அப்பா கடையின் மூன்றாவது தட்டு

எங்கள் கடையில் இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது தட்டு மாட்டு மருந்துக்கு. சத்தியமங்கலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சந்தை ஊரில் அப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். மனுசருக்கான மாத்திரை, டானிக் எல்லாம் முன்பக்கம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உண்டானது அந்த ஒரு தட்டில். குடற்புழு மருந்து, வயிறு உப்பினால் ஊற்றுகிற எண்ணெய், மடிநோய்க்குக் காம்பு வழியாக ஏற்றுகிற குழாய் மருந்து, கால்சியம் பாட்டில், அப்புறம் வலி ஊசி. சந்தை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது என் வேலை.

"ஏனுங்கண்ணா, செவலை நேத்துப் படுத்தது இன்னும் எந்திரிக்க மாட்டேங்குதுங்க. முன்னங்கால் வீங்கிக் கெடக்குது. வலி ஊசி ஒண்ணு குடுங்க."

அப்பா தலையைத் திருப்பாமலே கையை நீட்டி எடுப்பார். அந்தக் குப்பி எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியும். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, வாயில் ரப்பர் மூடி, அதைச் சுற்றி ஒரு தகர வளையம். அடுத்த சந்தைக்கு அதே ஆள் வந்து, "ஊசி போட்டுப் பொழுது சாயறதுக்குள்ள எந்திரிச்சுத் தண்ணி குடிச்சுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு முழுக்க அப்பாவின் முகம் மலர்ந்திருக்கும். உழவுக்கு இருக்கிற ஒரே ஜோடியில் ஒரு மாடு படுத்துவிட்டால் அந்த வீட்டில் சோறு இறங்காது என்பது அவருக்குத் தெரியும், அவரும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான்.

அந்த ஊசியின் பெயர் டைக்ளோஃபினாக்.

பல வருசம் கழித்து, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நான் சேர்ந்திருந்த காலம். ஒரு நாள் ராத்திரி விடுதியில் 2004ல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். பாகிஸ்தானில் பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், ஏன் செத்தன என்பது பற்றிய கட்டுரை. அதில் ஓரிடத்தில், அந்தப் பகுதியில் இருந்த கால்நடை மருத்துவர்களையும் மாட்டு மருந்து விற்கும் கடைக்காரர்களையும் போய்க் கேட்டோம் என்று வருகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, வாய் வழியாகப் போனாலும் உடம்பில் ஏறக்கூடியது, இந்தப் பக்கம் மாடுகளுக்கு அதிகமாகக் கொடுக்கப்படுவது, இந்த மூன்றும் சேர்ந்த மருந்து ஏதாவது உண்டா என்று தேடியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. பெயரைப் படித்ததும் எனக்கு அந்த மூன்றாவது தட்டு கண் முன்னால் வந்து நின்றது. அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறவர்கள் "மாட்டு மருந்தால் கழுகு அழிந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கண்டுபிடித்த விதத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ராஜஸ்தானில் பரத்பூர் பக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது, வலசை வரும் நீர்ப்பறவைகளுக்குப் பெயர் போன இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980களில் அங்கே இரை கொல்லிப் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அப்போது வெண்முதுகுப் பாறுகள் அந்தப் பூங்காவில் 353 ஜோடிகள் கூடு கட்டியிருந்தன என்று எண்ணி எழுதி வைத்தார். அன்றைக்கு அந்த எண்ணால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. நாட்டில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்த காலம் அது, காக்காயை எண்ணுவது மாதிரி. 1996ல் அவர் திரும்பிப் போனபோது அதில் பாதிகூட இல்லை. மரத்தில் உட்கார்ந்தபடியே கழுத்து தொங்கிப்போன பறவைகள், கூட்டுக்கடியில் செத்து விழுந்த பறவைகள், குஞ்சு இல்லாத கூடுகள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பூங்காவில் அந்த இனம் கூடு கட்டுவது ஏறக்குறைய நின்றே போனது.

சரி, ஒரு பூங்காவில் குறைந்தால் வேறு எங்காவது போயிருக்கலாம் அல்லவா? அதற்கும் பதில் ஒரு பழைய நோட்டில்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஜீப்பில் வட இந்தியச் சாலைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய், வழியில் கண்ணில் படுகிற இரை கொல்லிப் பறவைகளையெல்லாம் எண்ணி வைத்திருந்தார்கள். 2000ல் அதே சாலைகளில் திரும்பப் போய் எண்ணினார்கள். பறவைகள் எங்கும் இடம் மாறிப் போகவில்லை, எல்லா இடத்திலும் இல்லாமல்தான் போயிருந்தன. அதே வழியில் 2007ல் எண்ணியபோது 1992ல் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் காணோம். ஆயிரத்தில் ஒன்று மிச்சம். கருங்கழுத்துப் பாறும் அதன் வடக்கத்தி உறவான மெல்லிய அலகுப் பாறும் சேர்ந்து 97 சதவீதத்துக்குப் பக்கத்தில் போயிருந்தன. ஒரு பறவையினம் இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு உலகத்தில் உதாரணம் தேடுவது கடினம்.

அந்தப் பழைய நோட்டு இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? "முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு, இப்பக் காணோம்" என்று பெரியவர்கள் சொல்வதோடு முடிந்திருக்கும். எந்த அரசாங்கமும் அதை வைத்து ஒரு மருந்தைத் தடை செய்யாது.

அடுத்தது, ஏன் செத்தன என்கிற கேள்வி. கூட்டமாகச் சாகின்றன, பரவுகிறது, அதனால் தொற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். ஏதோ வைரஸ் என்பதுதான் அன்றைய பெரிய சந்தேகம். அப்படி நினைத்ததில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் தேடியிருப்பேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நோயியல் ஆராய்ச்சியாளர் லிண்ட்சே ஓக்ஸும் அங்கிருந்துதான் தொடங்கினார். பெரக்ரின் ஃபண்ட் என்கிற அமைப்போடு சேர்ந்து 2000ல் பாகிஸ்தானின் பஞ்சாபில் வேலை ஆரம்பித்தார்கள். அந்த வெயிலில் செத்த பறவை சில மணி நேரத்திலேயே அழுகிவிடும், சோதனைக்கு ஆகாது. புதிதாக விழுந்ததை உடனே எடுத்து அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்காக ஆட்கள் பறவைகள் கூடு கட்டியிருந்த இடங்களிலேயே காத்துக் கிடந்தார்கள்.

அறுத்துப் பார்த்தபோது தெரிந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்ல வேண்டும். காக்காய் எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் யூரிக் அமிலம். நமக்குச் சிறுநீரில் யூரியாவாகப் போகிற கழிவு பறவைகளுக்கு இப்படி வெள்ளையாகப் போகிறது. சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டால் அந்த வெள்ளை வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி, அளவு மிஞ்சியதும் உள்ளுறுப்புகள் மேல் படிய ஆரம்பிக்கும். இந்தப் பறவைகளின் வயிற்றைத் திறந்தபோது ஈரலின் மேலும் இதயத்தைச் சுற்றியும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளைப் பூச்சு. ஆராய்ந்த 259 பறவைகளில் 85 சதவீதத்தில் இதே கோலம். பல பறவைகள் நல்ல சதைப்பிடிப்போடு, பட்டினி கிடந்த அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தன. நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பறவை இன்று சிறுநீரகம் நின்று செத்திருக்கிறது.

எதனால் நின்றது? வைரஸ் தேடினார்கள், இல்லை. பாக்டீரியா இல்லை. ஈயம், பாதரசம், பூச்சிக்கொல்லி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கையில் இருந்த சோதனைகளெல்லாம் தீர்ந்துபோன இடத்தில்தான் கேள்வியை மாற்றினார்கள். பறவைக்குள் என்ன இருக்கிறது என்று தேடியது போதும், இது எதைச் சாப்பிடுகிறது? செத்த மாட்டை. அந்த மாடு சாவதற்கு முன்னால் அதற்குள் என்ன போனது? இதற்குப் பதில் எந்த ஆய்வகத்துக் கருவியிலும் கிடையாது. மாட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும், மருந்துக் கடையில் போய் நிற்க வேண்டும்.

போனார்கள், கேட்டார்கள். பெயர் கிடைத்த பிறகு கருவிகள் தங்கள் வேலையைச் செய்தன. வெள்ளைப் பூச்சோடு செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள், 25லும் டைக்ளோஃபினாக். வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. பிறகு இந்த மருந்து கொடுக்கப்பட்ட எருமை, ஆட்டின் இறைச்சியை, காயம்பட்டுப் பறக்க முடியாமல் வளர்ப்பில் இருந்த சில பறவைகளுக்குக் கொடுத்தார்கள். அதே வெள்ளைப் பூச்சோடு செத்தன. அந்தச் சோதனையைப் படிக்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அது இல்லாமல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

இருந்தாலும் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். எல்லா மாட்டுக்குமா ஊசி போடுகிறார்கள்? ஊசி போட்ட மாடெல்லாம் உடனேயா சாகிறது? கொஞ்சம் மாட்டில் இருக்கிற மருந்து கோடிக்கணக்கான பறவைகளை எப்படிக் கொல்லும்? இங்கே கணக்குப் போடுகிறவர்கள் உள்ளே வந்தார்கள். இங்கிலாந்தின் ரீஸ் கிரீனும் கூட இருந்தவர்களும் போட்ட கணக்குப்படி, செத்த மாடுகளில் 130ல் ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும், அதற்கும் குறைவாக 760ல் ஒன்று இருந்தால்கூடப் போதுமாக இருக்கலாம். ஒரு செத்த மாட்டின் மேல் ஒரே நேரத்தில் எத்தனை பாறுகள் இறங்கும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு மாடு என்றால் ஒரு கூட்டமே போகும். இந்தப் பறவை வருசத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறத்தாழ 5 வருசம் ஆகும். போனதை ஈடுகட்ட அதனால் முடியாது. அப்புறம் 2004, 2005ல் இந்தியா முழுக்கச் செத்த மாடு போடும் இடங்களிலிருந்து 1,800க்கு மேற்பட்ட மாடுகளின் ஈரல் துண்டுகளை எடுத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய 10ல் ஒன்றில் டைக்ளோஃபினாக் இருந்தது. 130ல் ஒன்று போதும் என்ற இடத்தில் 10ல் ஒன்று.

பறவையை எண்ணியவருக்குச் சிறுநீரகம் தெரியாது. சிறுநீரகத்தை அறுத்தவருக்கு ராஜஸ்தானில் எத்தனை கூடு இருந்தது என்று தெரியாது. மருந்தைச் செய்தவர்கள் அதை மனிதர்களுக்காகச் செய்தார்கள், 1970களில் ஸ்விட்சர்லாந்து கம்பெனி ஒன்று கொண்டுவந்த மூட்டு வலி மருந்து அது, அது ஒரு பறவையின் வயிற்றுக்குப் போகும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணமே இல்லை. மருந்து விற்ற எங்கள் அப்பாவுக்கு மாட்டைத் தெரியும், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ன வருவது எது என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தார்கள், அதை ஒட்டிப் பார்க்க ஒரு ஆள் கடை வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்தேன். 2006லேயே மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்துவிட்டது, அப்பாவும் அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். ஆனால் முன்பக்கம் மனிதர்களுக்கான 30 மில்லிக் குப்பி இருந்தது. மாட்டுக்காரர்கள் வந்து அதைக் கேட்டார்கள், அவரும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். "ஏன் தடை பண்ணாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலையே சாமி" என்றார். சொன்னேன். எச்சத்தின் வெள்ளை, ஈரல் மேல் பூச்சு, 25க்கு 25, எல்லாம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவே இல்லை. ரொம்ப நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"சரி, அப்ப மாட்டு வலிக்கு எதைக் குடுக்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை, நான் படித்த கட்டுரையில் அது இல்லை. ஆனால் அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தில் உண்மையான கேள்வி. வலியில் படுத்த மாட்டின் முன்னால் நிற்கிற ஆளிடம் "இதைக் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியாது. மறுநாள் தேடியபோது, அப்பா கேட்ட அதே கேள்வியை ஏற்கெனவே சிலர் எடுத்துக்கொண்டு வேலை செய்திருந்தது தெரிந்தது. உலகம் முழுக்க மிருகக்காட்சிச் சாலைகளிலும் பறவை மருத்துவமனைகளிலும் இருக்கும் மருத்துவர்களை முதலில் கேட்டிருக்கிறார்கள்: கழுகு மாதிரியான பறவைகளுக்கு நீங்கள் எந்த வலி மருந்தைக் கொடுக்கிறீர்கள், கொடுத்த பிறகு என்ன ஆனது? இங்கேயும் கேட்பதில்தான் தொடங்குகிறது, பாருங்கள். மெலாக்ஸிகாம் என்று ஒரு மருந்து, 60 இனங்களைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் கொடுத்தும் கெடுதல் வரவில்லை என்று தெரிந்தது. அதன் பிறகு தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஜெர்ரி ஸ்வான் குழு அங்கத்திய வெண்முதுகுப் பாறுகளுக்கு மிகக் கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாக அளவைக் கூட்டிச் சோதித்தது. பிறகு இந்தியாவிலும் சோதித்தார்கள், இஸத்நகரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தினர் அதில் இருந்தார்கள். பறவைகள் பிழைத்தன. 2006 தொடக்கத்தில் அந்தக் கட்டுரை வந்தது, அதே வருசம்தான் இந்தியாவிலும் நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் தடை வந்தது. மாற்று மருந்து கையில் இருந்ததால்தான் தடையைத் தைரியமாகக் கொண்டுவர முடிந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த 30 மில்லிக் குப்பி விஷயமும் அப்புறம் சரியானது. 2015ல் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசியை ஒரு வேளைக்கான 3 மில்லிக் குப்பியாகத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஒரு மாட்டுக்குப் போட வேண்டும் என்றால் அதில் பல குப்பிகளை உடைக்க வேண்டும், செலவும் கூடும், சிரமமும் கூடும். மருந்துக் கம்பெனிகள் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன, 2017ல் ஆணை செல்லும் என்று தீர்ப்பானது. ஒரு குப்பியின் அளவை மாற்றினால் ஒரு பறவை பிழைக்கும் என்பது எவ்வளவு எளிமையான யோசனை. மருந்துக் கடையில் உட்கார்ந்து வளர்ந்ததாலோ என்னவோ, இந்த முழுக் கதையிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் இன்னும் முடியவில்லை. டைக்ளோஃபினாக் போன இடத்துக்கு வேறு வலி மருந்துகள் வந்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்கிறது என்று தெரிந்தது. ஏசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது, சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே ஆள். 2023ல் இந்த இரண்டையும் மாடுகளுக்குத் தடை செய்தார்கள். கீட்டோபுரோஃபென் பற்றி 2010 வாக்கிலேயே தெரியும், நடுவில் போன 13 வருசத்தை நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒரு புது வலி மருந்தை மாட்டுக்கு அனுமதிக்கும் முன்பே, அந்த மாட்டைத் தின்னும் பறவைக்கு அது ஆகுமா என்று சோதிக்கச் சொல்லலாமே. செத்த பிறகு தேடுவது ஏன்?

செத்தது பறவை மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊருக்கு வெளியே மாடு போடுகிற பள்ளம் ஒன்று உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே பெரிய பறவைகள் இறங்கும் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார், நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் நாய்கள். பத்து, பதினைந்து நாய்கள் பள்ளத்தைச் சுற்றிக் கிடக்கும், சைக்கிளில் அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கும், நாற்றம் வாரக்கணக்கில் அடங்காது. பாறுகள் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் வயிற்று அமிலம் ஆந்த்ராக்ஸ் கிருமியையே அழிக்கிற அளவுக்குக் கடுமையானது. அந்த வேலையை நாயால் செய்ய முடியாது, பாதி தின்னும், மிச்சம் மழையில் தண்ணீரில் போய்ச் சேரும்.

இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர், ஏயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும், கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். முன்பு பாறுகள் வாழ ஏற்றவையாக இருந்த மாவட்டங்களையும் அப்படி இல்லாத மாவட்டங்களையும் பக்கத்தில் வைத்து, டைக்ளோஃபினாக் மலிவாகி மாடுகளுக்குப் பரவுவதற்கு முன்னும் பின்னும் மனிதச் சாவு விகிதம் எப்படி மாறியது என்று பார்த்தார்கள். பாறுகள் இருந்து போன மாவட்டங்களில் சாவு 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. வெறிநாய்க்கடி, கெட்டுப்போன தண்ணீர் இரண்டும் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார்கள். 2024ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் அந்த ஆய்வு வந்தது. மதிப்பீடு என்பதால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எனக்கு அது சொல்வது புரிகிறது.

நம் பக்கத்து ஆட்களுக்குத் திருக்கழுக்குன்றம் ஞாபகம் வரும். வேதகிரி மலை மேல் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் வந்து பண்டாரம் கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுப் போகும். அவை மஞ்சள் முகப் பாறுகள். 1990களின் கடைசியில் வருவது நின்றுவிட்டது. அந்த இரண்டும் எதனால் வராமல் போயின என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை, அதனால் மருந்தின் மேல் பழி போட மாட்டேன். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில்தான் நாடு முழுக்க அந்த இனமும் சரிந்தது. சங்கப் பாட்டில் பாறு என்றும் எருவை என்றும் பெயர் வைத்துக் கூப்பிட்ட பறவையை நாம் இன்று பொதுவாகக் கழுகு என்று சொல்லிவிடுகிறோம். பெயரைத் தொலைத்தவர்கள் எண்ணிக்கையை எப்படி வைத்திருப்போம்?

எண்ணிக்கை என்றதும் ஒரு கோபத்தை இங்கே எழுதிவிடுகிறேன். என்னோடு படித்த ஒரு தம்பி, சுற்றுவட்டாரக் குளங்களில் தவளைகளை 5 வருசம் தொடர்ந்து எண்ண வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இதில் புதுசாக என்ன இருக்கிறது?" திட்டம் திரும்பி வந்தது, அவன் வேறு தலைப்புக்குப் போய்விட்டான். புதுசாக எதுவும் இல்லைதான். கேவலாதேவில் 353 கூடுகளை எண்ணியபோதும் புதுசாக ஒன்றும் இல்லை. நமக்குத் தேவைப்படும் நாளில் போய் எண்ண முடியாது, அதற்கு முன்பே யாராவது எண்ணி வைத்திருக்க வேண்டும். அந்தத் தம்பியின் குளங்களில் இன்று தவளை இருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம், முன்பு எத்தனை இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்பாவின் கடையை இப்போது சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறான். மூன்றாவது தட்டில் மெலாக்ஸிகாம் இருக்கிறது. ஆரம்பத்தில் "இது பழைய ஊசி மாதிரி சுருக்கா கேக்க மாட்டேங்குதுங்க" என்று சிலர் குறைபட்டார்களாம். பிறகு பழகிவிட்டார்கள். உங்கள் வீட்டில் மாடு இருந்து, கடையில் வலி ஊசி வாங்கினால், குப்பியைத் திருப்பிப் பெயரைப் படித்துப் பாருங்கள். மெலாக்ஸிகாம் என்றோ டோல்ஃபெனாமிக் அமிலம் என்றோ இருந்தால் பாறுகளுக்கு ஆபத்தில்லை என்று இதுவரை செய்த சோதனைகள் சொல்கின்றன. வேறு பெயர் இருந்தால் மாட்டு டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

போன மாசி மாதம் அப்பாவை மாயாறு பக்கம் கூட்டிப்போனேன். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் அந்தப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அங்கே பெரும்பாலும் புலி அடித்துவிட்டுப் போன மானையும் காட்டெருமையையும் தின்பதால் அவை தப்பித்தன என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான், எழுபது வயது வரைக்கும் அப்பா போனதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பதால் சாலை ஓரத்தில் இருந்தே தேடினோம். ரொம்ப நேரம் கழித்து ஆற்றோரம் ஒரு பெரிய நீர்மருத மரத்தின் மேல்கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பைனாகுலரை அவர் கையில் கொடுத்துக் கண்ணுக்கு ஏற்றபடி திருகிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"அது கழுத்தைத் தொங்கப் போட்டிருக்குது சாமி."

பரத்பூரில் கழுத்து தொங்கிய பறவைகளைப் பற்றி நான் போனில் சொன்னதை அத்தனை வருசமாக மறக்காமல் வைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். தொங்கத்தான் போட்டிருந்தது. ஆனால் மணி பன்னிரண்டரை, வெயில் மண்டையைப் பிளந்தது. கழுத்து தொங்கினாலே நோய் என்று முதலில் நினைத்தார்கள் அப்பா, பிறகு பாகிஸ்தானில் அதையும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள், நல்ல பறவையும் வெயில் நேரத்தில் சூட்டைத் தணிக்க அப்படித் தொங்கப் போடும் என்று தெரிந்தது என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியை எடுக்க விடவில்லை. கொண்டுபோன தயிர்சோற்றைச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், நிமிசத்துக்கு ஒரு தரம் பைனாகுலரை எடுத்துக்கொண்டார். மூன்றரை மணிக்கு ஒரு மேகம் வந்து வெயில் கொஞ்சம் இறங்கியதும் அது கழுத்தை நிமிர்த்தியது, இறக்கையை ஒரு தரம் விரித்து உதறியது, பள்ளத்தாக்கின் மேல் பறந்து போனது. அப்பா அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வண்டிய எடு" என்றார்.